துளை சிறிதானால் ஆபத்தும் சிறிதா?

“வயிற்றைக் கிழிக்கவேண்டாம், நாலு துளை போதும், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம்!” தனியார் ஆஸ்பத்திரி வாசல்களில் இப்படிப்பட்ட விளம்பரப் பலகைகளைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் வந்த இந்தத் துளை முறை, தாய்மார்களின் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்கும் வந்து வெகு காலமாகிறது. 1988-இல் அமெரிக்காவில் ஹாரி ரீச் என்ற டாக்டர் முதன்முதலாக இதைச் செய்தார். அன்று மருத்துவ உலகம் மூக்கின்மேல் விரல் வைத்தது. இன்று அது சாதாரண காரியம்.

‘இது பெண்கள் சமாசாரமாயிற்றே, நமக்கென்ன இதில்?’ என்று ஒதுங்க நினைக்கிற தோழர்களைக் கேட்கிறோம்: ஆஸ்பத்திரியில் நீட்டுகிற காகிதத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே, துணைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் யார்? சேட்டுக் கடையில் தாலிச்சரட்டை வைத்துப் பணம் புரட்டுகிறவர் யார்? வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காய்ச்சலில் துடிக்கிற மனைவியைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடுகிறவர் யார்? நம் சங்கத்து உறுப்பினர்தானே! ஆகவே இதைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

கர்ப்பப்பையை எடுக்க மூன்று வழிகள் உண்டு. அடிவயிற்றைக் கிழித்து எடுப்பது ஒன்று. வயிற்றில் கத்தியே படாமல், பிள்ளை பிறக்கும் வழியாகவே எடுப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் துளை முறை. தொப்புளருகே சுமார் அரை அங்குலத் துளை போட்டு, கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்து, கேமரா பொருத்திய குழலை உள்ளே விடுகிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே மற்றத் துளைகளின் வழியே நீண்ட கருவிகளை நுழைத்து அறுக்கிறார்கள். இதே வேலையை யந்திரக் கைகள் செய்தால் ரோபோ ஆபரேஷன் என்று பெயர். பில்லும் அதற்கேற்றபடி நீளும்.

துளை முறையால் நன்மை இல்லையா? இருக்கிறது. இருப்பதை இல்லை என்று சொல்வது நமக்கு அழகல்ல. விஞ்ஞானம் தருகிற வசதி ஏழைக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம். காக்ரேன் என்ற சர்வதேச ஆராய்ச்சி அமைப்பு, 47 பரிசோதனைகளையும் அவற்றில் பங்கெடுத்த 5,102 பெண்களின் விவரங்களையும் ஒன்றாக வைத்து அலசி, 2015-இல் முடிவை வெளியிட்டது. வயிற்றைக் கிழித்து எடுத்தவர்களைவிடத் துளை முறையில் எடுத்தவர்கள் சுமார் 13 நாட்கள் முன்னதாகவே அன்றாட வேலைக்குத் திரும்பினார்கள். காயம் சீழ்ப்பிடிப்பதும் குறைவு. தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்குப் 13 நாள் என்றால் என்னவென்று தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அதே ஆராய்ச்சி வேறு இரண்டையும் சொல்லிற்று. துளை முறையில் மூத்திரப்பையோ மூத்திரக் குழாயோ காயப்படுவது அதிகம் என்பது ஒன்று. பிள்ளை பிறக்கும் வழியாக எடுக்க முடிகிற இடத்தில் அதுவே மற்ற இரண்டையும்விட மேல் என்பது இரண்டாவது. ரோபோவைக் கொண்டு செய்தால் சாதாரணத் துளை முறையைவிடப் பலன் அதிகம் என்பதற்கு அந்த ஆராய்ச்சியில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். மூன்றில் மேலான முறை எதுவோ, அதற்கு விளம்பரப் பலகை கிடையாது! அந்த முறைக்குக் கேமரா வேண்டாம், திரை வேண்டாம், வெளிநாட்டுக் கருவி வேண்டாம். தேர்ந்த கை ஒன்று போதும். விற்பதற்குச் சரக்கு இல்லாத முறைக்கு எந்த வியாபாரி விளம்பரம் கொடுப்பான்? கர்ப்பப்பை மிகப் பெரிதாக வீங்கியிருந்தாலோ, உள்ளே குடலும் சதையும் ஒட்டிக்கிடந்தாலோ அந்த வழி எல்லோருக்கும் ஒத்துவராது என்பது உண்மைதான். ஆனால், “எனக்கு அந்த வழியில் செய்ய முடியுமா, முடியாதென்றால் ஏன்?” என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு.

மூத்திரக் குழாய் காயப்படுகிறது என்றோமே, அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்குப் போகிற குழாய், கர்ப்பப்பை வாய்க்கு ஒரு அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாயின் அடியில் ஓடுகிறது. அந்த ரத்தக் குழாயைத்தான் மின்சாரச் சூட்டால் கருக்கி அறுக்கவேண்டும். சூடு ஓர் இழை அப்பால் பாய்ந்தால் மூத்திரக் குழாய் வெந்துபோகும், குடலிலும் படலாம். கத்தி பட்டால் அப்போதே ரத்தம் தெரியும். சூடு பட்டாலோ அன்று ஒன்றும் தெரியாது! வெந்த இடம் சில நாள் கழித்து, சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து, ஓட்டை விழும். அப்போது அந்தத் தாய் எங்கே இருப்பாள்? மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே!

ஆகவே, சீக்கிரம் வீடு திரும்புவதில் இப்படியும் ஒரு சங்கதி இருக்கிறது. ஆபத்து தலைகாட்டும் நாட்கள் ஆஸ்பத்திரியைத் தாண்டி வீட்டு நாட்களாகிவிடுகின்றன. காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகிற வயிற்று வலி, வயிறு உப்புதல், விலாவில் வலி, மூத்திரம் அடக்க முடியாமல் ஒழுகுதல், நாற்றத்தோடு கூடிய கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம் — இவற்றில் ஒன்று வந்தாலும் ‘ஆபரேஷன் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பின்தொடர்ந்து பார்ப்பது அவர்கள் கடமை.

கை பழகாத டாக்டரிடம் இந்த ஆபத்து கூடுதல். இங்கிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், வயிற்றைக் கிழித்துச் செய்தவர்களில் நூற்றுக்கு 6.2 பேருக்குப் பெரிய கோளாறு நேர்ந்தது. துளை முறையில் நூற்றுக்கு 11.1 பேருக்கு நேர்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு பங்கு! அதன் பிறகு டாக்டர்களின் அனுபவம் வளர்ந்தது. பின்லாந்து நாட்டில் ஆண்டாண்டாகக் கணக்கெடுத்துப் பார்த்ததில், கை பழகப் பழகக் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. அங்கே குறைந்ததற்குக் காரணம் கணக்கெடுத்தார்கள் என்பதும்தான். நம் நாட்டில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரி தன் வாசலில், “சென்ற ஆண்டு இத்தனை ஆபரேஷன் செய்தோம், இத்தனை பேருக்குக் கோளாறு வந்தது” என்று எழுதிப் போட்டிருக்கிறது?

ஓய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியே நாலு பொட்டுப்போலத் துளைகள். ஆறாம் நாளே ஆறிவிடுகின்றன. மாமியார் பார்க்கிறார், மேஸ்திரி பார்க்கிறார், மில் சூப்பர்வைசர் பார்க்கிறார். “காயம்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன படுக்கை?” என்கிறார்கள். தோழர்களே, எந்த வழியில் எடுத்தாலும் கர்ப்பப்பை இருந்த இடத்தின் கீழே போடுகிற தையல் ஒன்றேதான். அது ஆற ஆறு வாரம் பிடிக்கும். கனமான பொருளைத் தூக்கினால், சீக்கிரமே தாம்பத்தியம் கொண்டால், உள்தையல் பிரியலாம். அப்படிப் பிரிவது அபூர்வம் என்றாலும், பிரிகிறபோது குடலே வெளியே இறங்கக்கூடிய ஆபத்து அது. தலையில் செங்கல் சுமக்கிற சித்தாளுக்கும் தண்ணீர்க்குடம் தூக்குகிற தாய்க்கும் துளையின் அளவைப் பார்த்து ஓய்வு கொடுப்பது அநியாயம். புருஷன்மார்கள் இந்த ஆறு வாரம் குடத்தைத் தாங்களே தூக்கட்டும். ஆண்மைக்கு இழுக்கு வந்துவிடாது.

இனி, சின்னத் துளை பெரிய ஆபத்தாய் முடிந்த இரண்டு சம்பவங்களுக்கு வருவோம்.

அரை அங்குலத் துளை வழியாகப் பெரிய கர்ப்பப்பையை எப்படி வெளியே எடுப்பது? இதற்காக ஒரு யந்திரம் செய்தார்கள். மார்சலேட்டர் என்று பெயர். உள்ளே சுழலும் கத்தி, சதையைத் துண்டு துண்டாக நறுக்கி வெளியே இழுக்கும். 1995-இல் அமெரிக்க சர்க்கார் இதை அனுமதித்தது. ஆயிரமாயிரம் பெண்களுக்குப் பயன்படுத்தினார்கள். சாதாரணக் கட்டி என்று நினைத்ததற்குள் புற்றுநோய் ஒளிந்திருந்தால் என்ன ஆகும்? வயிறு முழுவதும் விதை தூவியதுபோல் ஆகும்! 2013-இல் அமெரிக்காவில் அதுதான் ஏமி ரீட் என்ற பெண்ணுக்கு நேர்ந்தது. அவரே ஒரு டாக்டர். ஆறு குழந்தைகளின் தாய். கணவரும் டாக்டர். இருவரும் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் எழுதினார்கள், அதிகாரிகளுக்கு மனுப்போட்டார்கள், பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளையும் கம்பெனிகளையும் எதிர்த்து நின்றார்கள். 2014-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது: நார்க்கட்டிக்காக ஆபரேஷன் செய்துகொள்கிற பெண்களில் ஏறக்குறைய 350 பேரில் ஒருவருக்குக் கண்டறியப்படாத ஒரு வகைப் புற்றுநோய் இருக்கலாம் என்றது. அந்த யந்திரத்தைச் செய்துவந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஏமி ரீட் 2017-இல் மாண்டார். இப்போது, உள்ளேயே ஒரு பைக்குள் போட்டுத்தான் நறுக்கவேண்டும் என்று 2020-இல் அமெரிக்காவில் பரிந்துரை செய்திருக்கிறார்கள்.

1995-க்கும் 2014-க்கும் இடையில் பத்தொன்பது ஆண்டுகள். டாக்டர் தம்பதிகளுக்கே இவ்வளவு போராட்டம் என்றால், ஒரு பீடித் தொழிலாளியின் குடும்பம் என்ன செய்திருக்கும்? செத்தவள் ஏன் செத்தாள் என்றுகூடத் தெரிந்திருக்காது.

இரண்டாவது சம்பவம் டாக்டர்களையே திடுக்கிடவைத்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால், கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள சதையோடு சேர்த்து எடுத்துவிடுவது வழக்கம். இதைத் துளை முறையில் செய்தாலும் பலன் ஒன்றே என்றுதான் பல நாட்டு டாக்டர்களும் நம்பினார்கள். அதை நிரூபிக்கத்தான் ஆராய்ச்சியே தொடங்கினார்கள். 33 ஆஸ்பத்திரிகள், 631 பெண்கள். 2018-இல் முடிவு வந்தது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், கிழித்துச் செய்தவர்களில் நூற்றுக்கு 96.5; துளை முறையில் 86. மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள், முன்னதில் நூற்றுக்கு 99, பின்னதில் 93.8. தழும்பு சிறிதாயிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவர்களில் சிலர் உயிரை இழந்தார்கள். முடிவு தங்கள் எண்ணத்துக்கு நேர்மாறாக வந்தபோதும் அதை மறைக்காமல் வெளியிட்ட அந்த டாக்டர்களைப் பாராட்டவேண்டும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. கர்ப்பப்பையின் உட்சுவரில் வருகிற புற்றுநோய்க்கு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங் நாடுகளில் 760 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 2017-இல் வெளியாயிற்று. இரண்டு முறைக்கும் பலன் சமம். நாலரை ஆண்டில் நோய் இல்லாதவர்கள் இதில் 81.3, அதில் 81.6. ஆகவே முறை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த நோய்க்கு, யார் கையால், எந்தக் கருவியால் என்று கேட்கவேண்டும்.

அதற்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டுமா?

மகாராஷ்டிர ராஜ்யத்தில் பீட் என்ற ஜில்லா இருக்கிறது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் ஊரே காலியாகி மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டப் போய்விடும். புருஷனும் மனைவியும் சேர்ந்து ஒரு ஜோடி; அந்த ஜோடிக்கு அங்கே பெயர் ‘கோய்தா’, அதாவது அரிவாள்! மனிதர்களை அரிவாளாக எண்ணிக் கணக்கு எழுதுகிறார்கள். தனி ஆள் என்றால் ‘அரை அரிவாள்’. கங்காணி முன்பணம் கொடுத்துவிடுகிறான். அதை வெட்டித் தீர்க்கவேண்டும். ஒரு நாள் வராவிட்டால் ஜோடிக்கு 500 ரூபாய் அபராதம் என்று தொழிலாளிகளே சொல்லியிருக்கிறார்கள். மாதவிலக்கு வந்தால் ஒதுங்க இடமில்லை, குளிக்கத் தண்ணீரில்லை, ஒரு நாள் ஓய்வும் இல்லை. வெள்ளைப்படுதல் என்று டாக்டரிடம் போனால், “கர்ப்பப்பை கெட்டுவிட்டது, எடுக்காவிட்டால் கேன்சர் வந்துவிடும்” என்கிற பயமுறுத்தல். எடுத்துவிட்டால் மாதவிலக்குத் தொல்லையும் இல்லை, அபராதமும் இல்லை. கடன் வாங்கி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடனை அடைக்க மறுபடியும் அதே கங்காணி, அதே முன்பணம்!

2019-இல் பத்திரிகைகள் இதை வெளியே கொண்டுவந்தன. மூன்று ஆண்டுகளில் அந்த ஒரு ஜில்லாவில் 99 தனியார் ஆஸ்பத்திரிகள் 4,605 பெண்களின் கர்ப்பப்பையை எடுத்ததாகச் சட்டசபையில் மந்திரியே ஒப்புக்கொண்டார். நீலம் கோர்ஹே தலைமையில் கமிட்டி போட்டார்கள். கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. நூற்றுக்குப் பதினாறுக்கும் மேல்! இந்தியா முழுவதும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இது நூற்றுக்கு மூன்று சொச்சம்தான் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரண்டு கணக்கிலும் வயது வரம்பு ஒன்றல்ல. ஆனாலும் இவ்வளவு பெரிய பள்ளத்தை வயதைக் கொண்டு மூடிவிட முடியாது.

வெள்ளைப்படுதலில் பெரும்பாலானவை மாத்திரையில் தீருகிற தொற்று நோய்கள். பெரும்பாட்டுக்கு மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பப்பைக்குள் வைக்கிற மருந்துச் சாதனம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கவும் வழி இருக்கிறது. புற்றுநோய் பயம் என்றால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புற்றுநோய் நிச்சயமானால், அடி இறங்கிவிட்டால், மருந்துக்கு அடங்காத உதிரப்போக்கால் ரத்தமே வற்றிப்போனால், அப்போது எடுக்கத்தான் வேண்டும்; எடுத்தால் அந்தத் தாய்க்கு மறுபிறவி. ஆனால் முப்பது வயதுப் பெண்ணிடமிருந்து கர்ப்பப்பையை எடுக்கும்போது சூலகத்தையும் சேர்த்து வாரிவிட்டால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற கிழவியாகிவிடுகிறாள். எலும்பு தேய்கிறது, இருதய நோய் முந்திக்கொள்கிறது. சூலகத்தை விட்டுவைத்தாலும் சிலருக்கு அது சீக்கிரமே ஓய்ந்துபோகிறது. துளை வழியாக எடுத்தாலும் இந்த நஷ்டத்தில் ஒரு குந்துமணி குறையாது.

பீட் ஜில்லாதான் இப்படி என்று நினைத்து ஆறுதல் கொள்ளவேண்டாம். 2008-இல் ஏழைகளுக்கென்று மத்திய சர்க்கார் ஒரு இன்ஷூரன்ஸ் அட்டை கொடுத்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய். நல்ல திட்டம்தான். ஆனால் பிகாரிலும் சத்தீஸ்கரிலும் சில தனியார் ஆஸ்பத்திரிகள் அந்த அட்டையை ஏழைப் பெண்ணின் வயிற்றைத் திறக்கும் சாவியாக்கிக்கொண்டன. டாக்டர் நரேந்திர குப்தா என்பவர் 2013-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பத்து ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது வாழும் உரிமையைப் பறிப்பது என்றது கோர்ட். மத்திய சர்க்கார் 2022-இல் வகுத்த விதிகளை மூன்று மாதத்துக்குள் எல்லா ராஜ்யங்களும் அமல்படுத்தவேண்டும், குற்றம் செய்த ஆஸ்பத்திரிகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்றும் சொல்லிற்று.

அந்த விதிகளின்படி தேசம், ராஜ்யம், ஜில்லா என்று மூன்று நிலையிலும் கண்காணிப்புக் கமிட்டி இருக்கவேண்டும்.  சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் எந்தக் காரணத்துக்காக, எந்த முறையில் எடுத்தோம் என்று கணக்குக் கொடுக்கவேண்டும்.

உங்கள் ஜில்லாவில் அந்தக் கமிட்டி இருக்கிறதா? யார் யார் அதில் இருக்கிறார்கள்? கடைசியாக எப்போது கூடிற்று? தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுத ஓர் அரை மணி நேரம் பிடிக்கும். சங்கக் கிளைகள் இதைச் செய்யலாம். மாதர் தோழர்களை முன்னால் நிறுத்திச் செய்யவேண்டும். இதைப் பற்றி வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்று சொன்னால், கையெழுத்துப் போடுமுன் பக்கத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள். ஸ்கேன் காகிதத்தையும், எடுத்த சதையைப் பரிசோதித்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டே இல்லை என்று சொன்னால், எதற்காக எடுத்தார்கள் என்பதற்குச் சாட்சியும் இல்லை என்று பொருள்.

இனி மில் நிர்வாகங்களோடு ஒப்பந்தம் பேசும்போது, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆறு வாரச் சம்பளத்தோடு கூடிய லீவு என்ற ஷரத்தையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். துளை போட்டுச் செய்ததென்று சொல்லி அதைப் பத்து நாளாகக் குறைக்க வருவார்கள். உள்தையலுக்கு எத்தனை வாரம் என்று அப்போது அவர்களுடைய டாக்டரையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.